பட்டியலில் பெயர் இல்லாத கார்டு

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

  

இந்த ஊரில் வேண்டாத சாமானை, 'எடுத்துக்கொள்ளலாம்' என்று சீட்டு ஒட்டி வாசலில் வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டு வாசலில் 2006-ஆம் வருஷத்து லேப்டாப் ஒன்று உட்கார்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன். "வீட்டைச் சுத்தம் பண்ண அவங்களுக்கு நல்ல வழி கிடைச்சிருக்கு" என்றாள் இவள்.

ஹார்டு டிஸ்க் பல்லை நறநறவென்று கடித்தது. கழற்றி வைத்துவிட்டேன். பக்கவாட்டில்தான் மெமரி கார்டுக்கு ஓட்டை இருக்கிறதே, அதிலிருந்தே லினக்ஸை ஓட்டலாம் என்று திட்டம். லினக்ஸில் டெபியன் என்று ஒரு வகை. 2025-இல் வந்த டெபியன் 13-இல் இதுபோன்ற 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. அதனால் ஆபீஸ் லேப்டாப்பில் வைத்து டெபியன் 12-ஐ ஒரு எஸ்டி கார்டில் ஏற்றினேன். செருகி, எஃப்12 அழுத்தினேன். எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டு, ஹார்டு டிஸ்க், சிடி, யூஎஸ்பி, நெட்வொர்க் என்று பட்டியல் வந்தது. கழற்றிப் போட்ட ஹார்டு டிஸ்க்குக்குக்கூட அதில் இடம் உண்டு. கார்டின் பெயரைக் காணோம்.

நீங்கள் 30 வருஷம் தாலுகா ஆபீஸில் இருந்தவர். உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நாங்கள் இங்கே வந்த புதிதில், பேங்கில் கணக்குத் திறக்க முகவரிப் பதிவு கேட்டார்கள். பதிவு ஆபீஸில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் கேட்டார்கள். வீட்டுக்காரரோ, "முதலில் பேங்க் கணக்கைக் காட்டு" என்றார். இந்த லேப்டாப்பிலும் அதே கதைதான். கார்டு ஓட்டை யூஎஸ்பி வழியாக இணைந்திருந்தால் மெஷினை முதலில் எழுப்பும் பயாஸ் அதைப் பென் டிரைவ் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். 2007-இல் வந்த ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பில் அப்படித்தான். இதிலோ ஓட்டை பிசிஐ என்ற வேறு பாதை வழியாகப் போகிறது. அதைப் படிக்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். பயாஸிடம் அது இல்லை. டிரைவர் இருப்பது லினக்ஸில். லினக்ஸ் இருப்பது கார்டில்!

யூஎஸ்பி கார்டு ரீடர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு என்றால் கடை கிடையாது. சுவரில் ஆணி அடித்தால்கூட மேல்வீட்டுப் பாட்டி இறங்கி வந்துவிடுவார். சத்தம் போடாமல் செய்யக்கூடிய ரிப்பேர் இது ஒன்றுதான் என்று உட்கார்ந்தேன்.

வழி சுலபம். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப், லினக்ஸின் மையமான கெர்னல், ஆரம்பத்தில் வேண்டிய டிரைவர்களைக் கட்டிவைக்கும் இனிட்ரெட் மூன்றையும் மேஜை டிராயரில் கிடந்த 1 ஜிபி பென் டிரைவில் வைத்தேன். கார்டு டிரைவரையும் இனிட்ரெட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். பயாஸ் பென் டிரைவை நம்பும். பென் டிரைவில் எழும் கெர்னல் டிரைவரை ஏற்றிக் கார்டைத் திறக்கும். அதன்பின் முழு லினக்ஸும் கார்டிலிருந்தே ஓடும்.

கிரப்பில் கையால் கட்டளை அடிக்கும்போதுதான் வேடிக்கை. ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். கிரப்போ, எதிரில் இருப்பது அமெரிக்கக் கீபோர்டு என்றே நினைத்துக்கொள்ளும். கெர்னல் கோப்பின் பெயர் இசட்டில் முடிகிறது. இசட்டை அழுத்தினால் திரையில் ஒய் வருகிறது. சாய்கோடு வேண்டுமென்றால் சிறுகோட்டை அழுத்த வேண்டும். கார்டு கண்விழிக்க நேரம் எடுப்பதால் 'rootdelay=10' என்று சேர்த்தேன். அதிலும் ஒரு ஒய்! சமக்குறி எங்கே என்று தேடினால், பேக்ஸ்பேஸுக்குப் பக்கத்தில் வேறொரு குறியின் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கடைசியில் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. நான் போட்ட கூச்சலில் பாட்டி இறங்கி வந்துவிட்டார். திரையைக் காட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்துவிட்டு, "எப்போது சரியாகும்?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

இப்போது ரேடியோ கேட்கலாம், கடிதம் அடிக்கலாம். வீடியோ போட்டால் மூச்சு வாங்குகிறது.

பரணில் கிடக்கும் உங்கள் லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யூஎஸ்பி ரீடரில் கார்டை மாட்டி முதலில் பாருங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும். பக்க ஓட்டையில் போடுவதானால், 2006-க்கு முந்தைய மெஷின் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. கார்டின் இடது ஓரத்தில் ஒரு குட்டித் தாழ் இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் எதையும் எழுத விடாது, மேலே தள்ளிவிடுங்கள்.

மார்கழியில் வரும்போது இந்த லேப்டாப்பை உங்களிடமே கொடுத்துவிடச் சொல்கிறாள் இவள். உங்கள்மேல் உள்ள பிரியம் என்று எண்ண வேண்டாம். அவளுக்குச் சாப்பாட்டு மேஜை காலியாக வேண்டும். அத்தை எந்த மேஜையை விட்டுக்கொடுப்பார் என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்