வல்லினக் குத்தும் மெல்லின உதையும்

இரண்டு, மூன்று, ஆறு, குத்து. ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேம் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கும் எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். நடுவில் இருக்கும் ஐந்து, சும்மா நிற்பது. எட்டு மேலே, இரண்டு கீழே, ஆறு முன்னே, நான்கு பின்னே. கீழே, கீழ்மூலை, முன்னே என்று கட்டை விரலைக் கால்வட்டம் உருட்டிவிட்டுக் குத்தினால், திரையில் நிற்கும் ரியூ என்ற வீரரின் உள்ளங்கையிலிருந்து நீல நிறத்தில் ஓர் ஒளி உருண்டை கிளம்பும். அதற்குப் பெயர் ஹடோகென். என் அண்ணன் மகன் இந்த விளக்கம் எதுவும் இல்லாமல், ஒரு சீட்டில் ‘236’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். நான் செல்போனை எடுத்து, எண்கள் இருக்கும் இடத்தைப் பார்த்து, அப்படியே உருட்டினேன். செல்போனில் இரண்டு மேலே இருக்கிறது. ரியூ எகிறிக் குதித்தார், காற்றைக் குத்தினார், இறங்கினார். மறுபடியும் குதித்தார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அத்தை, அவர் என்ன பாவம் பண்ணார்?” என்றான்.

அவன் பொறியியல் படிக்க வந்து எங்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறான். வரும்போது பாடப்புத்தகத்தை அட்டைப்பெட்டியிலும் பிளேஸ்டேஷனைப் போர்வையிலும் சுற்றிக்கொண்டு வந்தான். எனக்குத் தொழில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துவது. கோடை விடுமுறையில் அவனோடு ஆட ஆள் இல்லை, எனக்குத் திருத்தத் தாள் இல்லை. உட்கார்ந்தேன்.

கொஞ்சம் தைரியமாகவே உட்கார்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் காலத்து டெக்கன் 3 எனக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் அண்ணன் ஆடும்போது பின்னால் நின்று பார்த்தவள். அதில் எடி கோர்டோ என்று ஒரு பிரேசில்காரன். அவனை எடுத்துக்கொண்டு இரண்டு உதைப் பொத்தான்களையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றித் தட்டினால் போதும், அவனே தலைகீழாகச் சுழன்று எதிராளியைப் படுக்கவைத்துவிடுவான். சண்டை கேம் என்றால் அவ்வளவுதான் என்ற நினைப்பு. 2023இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அந்த நினைப்பை முதல் சுற்றிலேயே சுருட்டிவிட்டது.

இதில் அடிக்க ஆறு பொத்தான். குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. லேசானது, நடுத்தரமானது, பலமானது. அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மெல்லினம், இடையினம், வல்லினம். மெல்லினக் குத்து சட்டென்று வரும், வலிக்காது. வல்லினக் குத்து வலிக்கும், வந்து சேர நேரமாகும். 1987இல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இந்த ஏற்பாடு இல்லையாம். இரண்டு பெரிய ரப்பர் திண்டுகளை வைத்திருந்தார்கள். எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். ஜனங்கள் இயந்திரத்தைக் கைமுஷ்டியால் மொத்தித் தீர்த்ததும், அதே கேமை ஆறு பொத்தானோடும் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தத் திண்டுதான் பொருந்தியிருக்கும்.

அடுத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது. தேசப்பற்றின் காரணமாக தால்சிமைத் தொட்டேன். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் வந்த இந்திய யோகி. அந்தக் கேமில் அவர் சண்டை போடும் இடத்தில் பின்னால் யானைகள் நிற்கும், அவர் கழுத்தில் மண்டையோட்டு மாலை தொங்கும். அது கொள்ளைநோயில் செத்துப்போன ஊர்க் குழந்தைகளின் நினைவாம். ஜப்பான்காரர்களுக்கு நம்மைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. தால்சிம் வாயால் நெருப்பு ஊதுவார், நின்ற இடத்திலிருந்து மறைவார், கைகால்கள் திரையின் மறுகோடி வரை நீளும். நீளுவதுதான் தொல்லை. நீட்டிய கையிலும் அடி விழும். எங்கே நிற்க வேண்டும், எதை எப்போது நீட்ட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அவர் சரிப்படுவார். என் தால்சிம் கையை நீட்டுவார், எதிராளி அந்தக் கையிலேயே போடுவான்.

கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், “சாமியாரைப் போட்டு ஏண்டா இப்படி அடிக்கறே?” என்று அவனைக் கேட்டார்.

“பாட்டி, அத்தைதான் வாங்கிக்கிறாங்க.”

அதோடு ரியூவுக்கு மாறினேன். எல்லோரும் அவரிடம்தான் அரிச்சுவடி படிக்கிறார்களாம்.

புதியவர்களுக்கென்று இந்தக் கேமில் ஒரு சலுகை உண்டு. ‘மாடர்ன்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் 236 எல்லாம் வேண்டாம், ஒரே பொத்தானில் ஹடோகென் வந்துவிடும். பதிலுக்கு அந்த அடியின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். “அதை வெச்சுக்கங்க அத்தை, ஈசியா இருக்கும்” என்றான். மூலத்தைப் படிக்காமல் கோனார் உரையை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரும் பிள்ளைகளை வருடாவருடம் வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்கிறவள் நான். என்னிடம் வந்து சொல்கிறான். பழைய முறைதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். ஆன்லைனில் எதிராளி எந்த முறையில் ஆடுகிறார் என்று திரையிலேயே காட்டிவிடும். என்னை அடித்தவர்களில் கணிசமானவர்கள் கோனார் உரைக்காரர்கள்.

இந்தக் கேமில் காலத்தை விநாடியில் அளப்பதில்லை. பிரேம் என்கிறார்கள். விநாடிக்கு அறுபது பிரேம். ரியூவின் மெல்லினக் குத்து கிளம்பி நான்காவது பிரேமில் மேலே விழுந்துவிடும். அதாவது விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. நமக்கு இது புதிதா என்ன? இயல்பாகக் கண் இமைக்கிற பொழுதும் கை நொடிக்கிற பொழுதும் ஒரு மாத்திரை என்று இலக்கணக்காரர்கள் எப்போதோ அளந்து வைத்திருக்கிறார்கள். ஓர் இமைப்புக்குக் குறைந்தது விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்று வைத்தால், ஒரு மாத்திரைக்கு ஆறு பிரேம். இப்போது ஒருவர் அடிபடும்போது ‘ஐயோ’ என்கிறார். முதலில் வரும் ஐகாரம் குறுகுவதால் ஒன்றரை மாத்திரை, யோ நெடில் என்பதால் இரண்டு. ஆக மூன்றரை மாத்திரை, இருபத்தொரு பிரேம். நான் ‘ஐயோ’வைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குத்து விழுந்து, அதற்கடுத்தது கிளம்பியிருக்கும். இதை அவனிடம் கரும்பலகைக் கணக்காக விளக்கினேன். “அத்தை, இதுக்குப் பதிலா பின்னாடி அமுக்கிப் பிடிச்சா தடுத்திருக்கலாம்” என்றான்.

தடுப்பது சுலபம். பின்பக்கம் அமுக்கிப் பிடித்தால் ஆயிற்று. கஷ்டம் அதற்கப்புறம்தான். எதிராளி ஓங்கி உதைக்கிறார், நான் தடுத்துவிட்டேன், இப்போது யார் முறை? அவர் கால் தரைக்கு வர எத்தனை பிரேம் ஆகிறதோ, அதுவரை என் முறை. அவர் வைத்தது மெல்லின உதையாக இருந்தால் கால் அதற்குள் திரும்பியிருக்கும், ஆகவே முறை இன்னும் அவருடையதாகவே இருக்கலாம். ஒவ்வோர் அடிக்கும் இந்தக் கழித்தல், கூட்டல் கணக்கு தனி. அத்தனையையும் அட்டவணை போட்டு நெட்டுருப் பண்ணியிருக்கிறார்கள், செமஸ்டர் தேர்வில் அரியர் வைத்திருக்கும் அதே பிள்ளைகள். முறை யாருடையது என்று தெரியாதவர்கள் எப்போதும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். “அமுக்காதீங்க அத்தை. சும்மா இருங்க. சும்மா இருங்கன்னா சும்மா இருங்க!” சித்தர்கள் பாடியே சாதிக்க முடியாததை இவன் கத்திச் சாதிக்கப் பார்த்தான். சரியென்று தடுத்துக்கொண்டே சும்மா இருந்தால், அருகில் வந்து கட்டிப்பிடித்துத் தூக்கிப் போட்டுவிடுகிறான். தடுப்பவரைப் பிடித்து எறியலாம் என்பது இன்னொரு விதி. அதைக் கடைசியில்தான் சொல்வான்.

காம்போவைப் பற்றி மட்டும் எனக்கு மரியாதை உண்டு. ஓர் அடி விழுந்தால் எதிராளி தடுக்க நேரமே இல்லாமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று கோத்துக்கொண்டே போவது. இன்று எல்லாச் சண்டை கேமுக்கும் உயிராக இருக்கிற இந்தச் சமாசாரத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாராகிக்கொண்டிருந்தபோது நோரிடாகா ஃபுனாமிஸு என்ற தயாரிப்பாளர் பிழை தேடிக்கொண்டிருந்தார். காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டம் ஒன்று உண்டு. அதில் ஓர் அடி முடிவதற்குள் இன்னோர் அடியும் கணக்கில் ஏறுவதைக் கண்டார். திருத்தியிருக்கலாம். இவ்வளவு நுணுக்கமான நேரக்கணக்கை யார் கண்டுபிடித்து ஆடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். உலகமே கண்டுபிடித்து ஆடியது. இலக்கணத்தில் நாங்கள் இதை வழுவமைதி என்போம். பிழைதான், ஆனால் பிழையில்லை என்று ஏற்றுக்கொள்வது. என் மாணவர்கள் தேர்வுத்தாளில் செய்வதற்கும் இப்படியொரு எதிர்காலம் உண்டோ என்னவோ.

ஒருநாள் நான் மனம் தளர்ந்து கன்ட்ரோலரைக் கீழே வைத்தபோது அவன் ஒரு பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினான். 2004, கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டி. கேம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் III தேர்டு ஸ்ட்ரைக். ஜப்பானின் டைகோ உமேஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும். டைகோவின் கென்னுக்கு உயிர்க்கோட்டில் மயிரிழை மிச்சம். தடுத்தால்கூடக் கொஞ்சம் உயிர் போகும் என்பதால் தடுக்கவும் வழியில்லை. ஜஸ்டினின் சுன்-லி பதினைந்து உதைகளைத் தொடர்ச்சியாக அவிழ்த்துவிடுகிறாள். அந்தக் கேமில் ஒரு வழி உண்டு. அடி வந்து படும் அந்தக் கணத்தில் பின்வாங்காமல் அடியை நோக்கி முன்னே தட்டினால், உயிர் போகாமல் விலக்கிவிடலாம். ஒரு பிசகு இல்லாமல் பதினைந்தையும் தட்டுகிறார் டைகோ. கடைசி உதையைக் காற்றில் எகிறி விலக்கிவிட்டு, இறங்கி வந்து காம்போ போட்டு முடிக்கிறார். கூட்டம் போடும் கூச்சலில் கேமரா ஆடுகிறது. அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தில் டைகோ தோற்றுப்போனார் என்பதை அவன் போகிற போக்கில் சொன்னான். அதை யாரும் வீடியோவாகப் போட்டு அத்தைகளுக்குக் காட்டுவதில்லை.

இந்த உற்சாகத்தில்தான் டிரைவ் இம்பாக்ட் பயிற்சி ஆரம்பமாயிற்று. திரையில் சாயம் கொட்டினாற்போல் வண்ணம் சிதற, எதிராளி முழு உடம்போடு பாய்ந்து வருவார். நாம் இரண்டு அடி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே வருவார். பதிலுக்கு நாமும் அதே டிரைவ் இம்பாக்டைச் செய்தால் அவர் நொறுங்குவார். அதற்குக் கிடைக்கும் அவகாசம் இருபத்தாறு பிரேம், அரை விநாடிக்கும் குறைவு. எனக்கு வண்ணம் தெரிந்து, அது வண்ணம்தான் என்று உறுதியாகி, விரலுக்குச் சேதி போவதற்குள் ரியூ சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

பின்னால் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு என்னைவிட முன்னால் தெரிந்தது. “வருது!” என்று சொல்ல ஆரம்பித்தார். நல்ல உதவிதான், ஆனால் கணக்கு உதைத்தது. வ ஒன்று, ரு ஒன்று, து குற்றியலுகரம் என்பதால் அரை. இரண்டரை மாத்திரை, பதினைந்து பிரேம். அவர் சொல்லி முடித்ததும் எனக்கு மிஞ்சுவது பதினொன்று, போதாது. ஆகவே சுருக்கமாக “ம்” என்று மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். மெய்யெழுத்து, அரை மாத்திரை, மூன்று பிரேம். அண்ணன் மகன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆனால் வேலை செய்தது. அவன் பாய்ந்தான், மாமியார் “ம்” என்றார், நான் அமுக்கினேன், அவன் சுருண்டு விழுந்தான். மறுபடியும் பாய்ந்தான், மறுபடியும் “ம்”. அவன் முகத்தில் முதல்முறையாக யோசனை தெரிந்தது.

அந்த நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் ஃபோன் பண்ணினார். மாமியார் ஃபோனைக் காதில் வைத்து, மகள் சொல்வதற்கெல்லாம் “ம்… ம்…” கொட்ட ஆரம்பித்தார். என் கட்டை விரல் அதற்குள் பழகிவிட்டிருந்தது. ஒவ்வொரு “ம்”முக்கும் ரியூ ஆளில்லாத இடத்தில் சாயத்தைக் கொட்டிக்கொண்டு பாய்ந்தார். ஒரு பாய்ச்சலுக்கு டிரைவ் கோட்டில் ஒரு கட்டம் போகும், மொத்தமே ஆறு கட்டம்தான். நாத்தனார் வீட்டு மாடியில் தண்ணீர் ஒழுகுவது பற்றிய சேதி முடிவதற்குள் ரியூவுக்குக் கோடு காலியாகி, உடம்பு சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த நிலைக்கு பர்ன் அவுட் என்று பெயர். பள்ளி ஆசிரியர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஆன்லைனில் ஆடுகிறேன். ரூக்கி என்று தொடங்கி இரும்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிகள். இரும்பில் இருக்கிறேன். தங்கம் இன்றைக்கு விற்கிற விலைக்கு அந்தப் பக்கம் போகிற எண்ணம் இல்லை. நேற்று ஒரு பிளாங்காவை வென்றேன். பச்சை நிறத்தில் உருண்டு உருண்டு வரும் ஜந்து. உருண்டு வந்ததை ஒவ்வொரு தடவையும் தடுத்தேன், என் முறை வந்ததும் அடித்தேன். உடனே எதிராளி மறு ஆட்டம் கேட்டார்.

“வேண்டாம்னு போட்டுடுங்க அத்தை. ஜெயிச்ச சூட்டோட ஓடிடணும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

தோற்ற பிள்ளை மறுதேர்வு கேட்கிறது, எப்படி மறுப்பது? ஒப்புக்கொண்டேன். இரண்டாவது ஆட்டத்தில் அந்தப் பிள்ளை உருளவே இல்லை. நான் உருளுவதற்காகத் தடுத்துக்கொண்டே காத்திருந்தேன். நடந்து வந்து, பிடித்து, எறிந்தது. ஆளுக்கொரு வெற்றி, மூன்றாவது ஆட்டம் மிச்சம்.

மாமியார் ஃபோனில் “அப்புறம் பேசறேன்டி, இங்க கொஞ்சம் வேலை இருக்கு” என்று மகளிடம் சொல்லி வைத்துவிட்டு, நாற்காலியை டிவிக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.