தரியா தௌலத்தின் அட்டைப்பட ஜோக்

ஆனந்த விகடன் அட்டையில் கோபுலு ஜோக் போட்டுச் சிரிக்கவைப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அந்த வேலை நடந்துவிட்டது. பத்திரிகை இல்லாத காலம், அதனால் சுவரில். ஆசிரியர், பதிப்பாளர், முதல் வாசகர் எல்லாம் திப்பு சுல்தான் ஒருவரே.

1784இல் காவிரிக் கரையில் தேக்கு மரம் இழைத்து அவர் கட்டிய கோடைக்கால மாளிகை தரியா தௌலத். காற்று வாங்க வந்த இடத்தில் மனுஷர் எதைப் பார்க்க விரும்பினார்? மேற்குச் சுவர் நிறையப் போர்! ஆபீஸ் ஃபைலை வீட்டுக்குத் தூக்கிவரும் ஜாதி அன்றைக்கே இருந்திருக்கிறது.

காட்சி, 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூர். மகேந்திரவர்மன் காலத்திலிருந்தே சண்டைக்குப் பழகிய ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி திப்புவின் படையிடம் நன்றாக மாட்டிக்கொண்டார். உதவவேண்டிய ஹெக்டர் மன்ரோ பெரிய படையோடு காஞ்சிபுரத்திலேயே இருந்தார். சேர்த்துவைத்த தானிய மூட்டைகளை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. படத்தில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரம் கட்டி உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள், நடுவே காயம்பட்ட பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கிறார். திப்புவோ பூவை முகர்ந்தபடி, மைசூர் தசராவுக்குப் புறப்பட்டவர்போல சவாரி வருகிறார். எதிராளிக்கு வேலை, முதலாளிக்கு ஓய்வு. ஓவியர் சம்பளம் வாங்கியது வீண்போகவில்லை. பாவம் பெய்லி, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே செத்துப்போனார். படத்தைப் பார்க்கும் கொடுமை மிச்சம்.

ஆனால் ஓய்வு பொல்லாதது. 1799 மே 4, மதியம் ஒரு மணி. காவலர்கள் உண்ட களைப்பில் கண்ணயரும் நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைமேல் ஏறினார்கள். முன்னால் ஓடியவர் டேவிட் பெயர்ட். புள்ளலூரில் பிடிபட்டு மூன்றரை ஆண்டுக்கு மேல் இந்த ஊர்க் களியைத் தின்றவர், வழி தெரியாதா என்ன? திப்பு மாண்டார், கோட்டை விழுந்தது. மறுநாளே ஊர்ப் பொறுப்பு ஆர்தர் வெல்லெஸ்லி கைக்குப் போனது. அண்ணன் கவர்னர் ஜெனரலாக இருந்தால் தம்பிகளுக்கு ஏணி எதற்கு? வியர்வை பெயர்ட்டுக்கு, தரியா தௌலத் வாசம் வெல்லெஸ்லிக்கு.

பிறகு சுவர் மங்கியது. அடுத்தவன் ராஜ்யத்தை விழுங்காத நாள் வீண் என்று இருந்த பிற்காலக் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு, ஓவியரைக் கூப்பிட்டுப் படத்தை மறுபடி எழுதச் சொன்னார். கம்பெனி உதை வாங்கிய காட்சிக்குக் கம்பெனி ஆட்சியே புதுச் சாயம் பூசியது!