பனியாகுபெயர்: ஒரு குடிலிலக்கண ஆராய்ச்சி

கிறிஸ்துமஸ் குடிலின் மேல் விரித்த பஞ்சு எந்த இலக்கண விதிப்படி பனியாகிறது என்பதைத் தமிழாய்வுலகம் இன்றுவரை விசாரிக்கவில்லை. மருந்துக் கடையில் வாங்கும்போது அது பஞ்சு. தாள்மலையின் உச்சியில் ஏறியதும் பனி. ஜனவரியில் கீழே இறங்கினால் மறுபடியும் பஞ்சு. இந்த மாற்றத்துக்கு வேதியியல் காரணம் ஏதும் இல்லை. ஆகவே இது மொழியியல் காரணமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பொருளின் பெயர் தன்னோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவந்தால் அது ஆகுபெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதன் வகைகள் பதினாறு என்றும் படித்திருக்கிறோம். காலவாகுபெயருக்குப் பாடப்புத்தகம் தரும் எடுத்துக்காட்டே ‘டிசம்பர் சூடினாள்’ என்பதுதான். மாதத்தின் பெயரையே பூவாக்கித் தலையில் வைத்துக்கொள்ளும் மொழியில், அதே மாதத்தில் பஞ்சு பனியாவது தற்செயலாக இருக்க முடியாது. வீட்டிலும் அலுவலகத்திலும் மலிவாகக் கையால் செய்யும் கிறிஸ்துமஸ் அலங்காரம் முழுவதும் பதினேழாவது ஆகுபெயர் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கருதுகோள் நிறுவப்படும் என்பதை வாசகர் முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். நிறுவப்படாத கருதுகோளை இத்துறையில் யாரும் அச்சுக்குக் கொடுத்ததில்லை.

இதற்கு நூற்பா உண்டா என்று கேட்பார்க்கு, உண்டு: ‘இல்லதன் பெயரை உள்ளதற் கேற்றி / ஒட்டியும் கட்டியும் தொங்க விடுவது / பனியா குபெயர் என்மனார் புலவர்.’ இந்நூற்பா எந்த ஏட்டிலும் இல்லை, இப்பத்திக்காகச் செய்யப்பட்டது. தேவையான நூற்பா கிடைக்காத இடத்தில் ஒன்றைச் செய்துகொள்வது புதிதன்று, செய்ததை ஒப்புக்கொள்வதுதான் புதிது. ‘ஒட்டியும்’ என்றதனால் மைதாப் பசையும், ‘கட்டியும்’ என்றதனால் சணலும், உம்மை எச்சத்தால் ஸ்டேப்ளர் பின்னும் கொள்க. ‘தொங்க விடுவது’ என்றாரேனும், மேசைமேல் நிற்பனவும் உபலக்கணத்தால் அடங்கும் (காண்க: இக்கட்டுரை, இப்பத்தி). ‘புலவர்’ யாவர் எனின், இந்நூற்பாவை இயற்றியவரும், அதற்கு உரை கண்டவரும், அவ்வுரையை மேலே பிறைக்கோட்டில் மேற்கோள் காட்டியவரும் ஆகிய மூவர். மூவரும் ஒருவரே என்பதால் கருத்து வேறுபாடு எழவில்லை. மேற்கோள் எண்ணிக்கை மட்டும் உயர்ந்திருக்கிறது.

முதன்மைச் சான்று பஞ்சு. தமிழில் பனி என்ற சொல் வானிலிருந்து பூவாய் விழும் வெள்ளையை மட்டும் குறித்ததில்லை. விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, வைக்கோல்போருக்கு மேல் மூட்டமாய்க் கிடப்பதும் பனி, பாட்டி காதை மூடிக்கொள்ளச் சொல்வதும் பனிக்காகவே. அதனால்தான் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு வெள்ளைப் பனிக்குப் பனி என்று எழுதாமல் ‘உறைந்த மழை’ என்று எழுதியது. பாலஸ்தீனத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஒரு சொல் போதாமல், மொழிபெயர்த்தவர்கள் மழையை எடுத்து உறையவைத்தார்கள். இல்லாத பொருளுக்கு இருக்கும் பொருளை நிறுத்தினார்கள் என்றால், குடில் கட்டுகிறவர் பஞ்சால் செய்வதை அவர்கள் சொல்லால் செய்தார்கள் என்று பொருள். இச்சான்று மெய்யானது என்பதால் இதை நீட்டிக்க வேண்டியதில்லை. இனி நீட்டிக்க வேண்டியதற்கு வருவோம்.

பெரும்பொழுது ஆறு. அவற்றுள் முன்பனி என்பது மார்கழியும் தையும். டிசம்பர் 25 என்பது மார்கழி 9 அல்லது 10. ஆகவே கிறிஸ்துமஸ் முன்பனிக்காலத்துப் பண்டிகை. முன்பனி எந்தத் திணைக்கு உரியது? கூதிரோடு சேர்த்துக் குறிஞ்சிக்கு உரியது. குறிஞ்சியின் சிறுபொழுது எது? யாமம். நள்ளிரவுப் பூசை எப்போது? யாமத்தில். குறிஞ்சியின் நிலம் எது? மலையும் மலை சார்ந்த இடமும். குடிலில் பின்னால் நிற்பது எது? பழுப்புத் தாளைக் கசக்கி, மைதாப் பசையில் முக்கி, நாற்காலிமேல் கவிழ்த்துக் காயவைத்த மலை. பொழுதும் நிலமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைச் சங்கப் பாடல்களிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டும். கருப்பொருள் பார்த்தால் இன்னும் விரிகிறது. ஆடும் இடையரும் வந்ததால் முல்லை. தட்டில் தேங்காய்நார் பரப்பிக் கேழ்வரகு தூவி, முளைப்பாரி போல ஒன்பது நாளில் எழுப்பிய பச்சையால் மருதம். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து ஓரத்தில் மணல் தூவியதால் நெய்தல். அதே மணலில் ஒட்டகம் நிற்பதால் பாலை. நாலடி அகல மேசையில் ஐந்திணையும் நிற்கின்றன. ஒட்டகத்தைவிட ஆடு பெரிதாக இருப்பது, இரண்டையும் வெவ்வேறு வருஷத்தில் வெவ்வேறு கடையில் வாங்கியதால் என்று பாமரர் நினைப்பர், அது திணைமயக்கம். உரிப்பொருள் ஒன்றுதான் இடிக்கிறது. பொருந்தாத சான்றை ‘ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று ஒதுக்குவது முனைவர் பட்ட நெறி என்பதால், அதையும் ஒதுக்கிவிட்டோம்.

பஞ்சில் இரண்டு மரபுகள் உண்டு. இலவம்பஞ்சு மரபினர் தலையணையைப் பிரிப்பார்கள். அது மின்விசிறி சுழலும் வரையில் பனி, சுழன்றபின் இருமல். மருந்துக்கடைச் சுருள் மரபே நிலைத்தது. சுருளைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. வெட்டிய விளிம்பு நேராக நின்று, மலைக்குக் காயம்பட்டுக் கட்டுப் போட்டதுபோல் தெரியும். விரலால் மெல்லப் பிரிக்க வேண்டும். ஏடு ஏடாகப் பிரிந்து, ஓரம் இழையிழையாகி, கீழே இருக்கும் தாளின் பழுப்பு மங்கலாகத் தெரியும் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். பசை தொடவேண்டியதில்லை, கசங்கிய தாளின் மடிப்பே அதைப் பிடித்துக்கொள்ளும். சீரியல் விளக்கைப் பஞ்சுக்கு அடியில் விடக் கூடாது. இலக்கண விதி இதற்கு இல்லை, தீ பிடிக்கும்.

ஏனையவற்றைச் சுருக்கமாக முடிக்கலாம். தோரணம் மாவிலையின் தம்பி. பலூன் ஆகுபெயர் அன்று. காற்றுப் போனால் பெயரும் போய்விடும். மரம் சவுக்கு. ஊசியிலை என்று நாம் நினைக்கும் அந்தப் பச்சை நரம்புகள் உண்மையில் சவுக்கின் இலைகளே அல்ல, மெல்லிய கிளைகள். இலைகள் அவற்றின் கணுக்களில் கண்ணுக்கு எளிதில் தெரியாத செதில்களாக இருக்கின்றன. ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மரம், இலை அல்லாததை இலையாகக் காட்டி, ஐரோப்பியக் காட்டு மரத்தின் வேலையைத் தமிழ்நாட்டில் பார்க்கிறது. இதை இருமடியாகுபெயர் என்பதே பொருந்தும். நட்சத்திரம் மட்டும் மெய்யான கணக்குக் கேட்கும். ஐந்து மூங்கில் சிம்பால் ஒரு சட்டம், அதே அளவில் இன்னொன்று, ஆகப் பத்துச் சிம்பு. ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள்மூலைகள் ஐந்திலும் சிறு குச்சியைக் குறுக்கே முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பும். மூன்றடிச் சிம்பு என்றால் இரு முனையிலிருந்தும் ஏறத்தாழ 13¾ அங்குலத்தில் மற்றச் சிம்புகள் குறுக்கிட வேண்டும்; நடுவில் மிஞ்சுவது 8½. அந்த விகிதந்தான் பொன்விகிதம் என்று அதைக் கட்டுபவருக்குத் தெரியாது. கண்ணால் நிறுத்தி, கோணலாக இருக்கிறதா என்று தள்ளிநின்று பார்த்து, சணலை இறுக்கிவிடுவார். அவர் பத்து நிமிஷத்தில் முடிப்பதை விளக்க நமக்கு ஒரு பத்தி பிடித்தது. ஆய்வுக்கும் வேலைக்கும் உள்ள உறவு இதுதான்.

அலுவலகத்தில் பஞ்சு இல்லை, பஞ்ச் உண்டு. கோப்பில் துளை போடும் அந்தக் கருவியின் வயிற்றைத் திறந்தால் ஆண்டு முழுவதும் சேர்ந்த வட்டத் துணுக்குகள் கொட்டும். பஞ்சு என்ற மென்தொடர்க் குற்றியலுகரத்தின் ஈறு கெட்டால் பஞ்ச். வீட்டுப் பனி அலுவலகப் பனியாவதற்கு இதைவிடச் சுருக்கமான புணர்ச்சி விதி கிடையாது. தேநீர்க் காகிதக் கோப்பையைக் கவிழ்த்து அடியில் துளையிட்டு நூல் கோத்தால் மணி. ஒருபக்கம் அச்சான தாளை மடித்துக் கத்தரித்தால் பனிப்பூ. மூன்று முறை பாதி பாதியாக மடித்து வெட்டுவதால் அலுவலகப் பனிப்பூக்கள் எட்டுக் கைகளோடு பிறக்கின்றன, இயற்கை ஆறு கைகளோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஏன் ஆறு என்று பிராகாவில் இருந்த வானியலாளர் கெப்ளர் 1611இல் இலத்தீனில் ஒரு சிறுநூலே எழுதி, தம் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். செலவில்லாத பரிசு; நம் துறையின் முன்னோடி. பக்கம் பக்கமாக ஆராய்ந்துவிட்டு, காரணம் தமக்குப் பிடிபடவில்லை, இனி வேதியியலார் பார்க்கட்டும் என்று முடித்தார். அப்படி ஒரு கடைசி இயலை நம் ஆய்வேடுகளில் காண்பது அரிது. ஆறு கை வேண்டுவோர் தாளைப் பாதியாக மடித்து, அந்தப் பாதியை மூன்றாக மடிக்கவும். அட்டை நட்சத்திரத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை நல்லது. கருத்தரங்கச் சான்றிதழ் அதைவிட நல்லது: தடிமனான தாள், பொன்னிறக் கரை, வேறு எதற்கும் பயன்படாதது. ‘பங்கேற்றார்’ என்ற சொல் உட்புறம் போகுமாறு மடித்தல் நலம்.

இனி மறுப்புகள். இது புதிய வகையன்று, ‘பாவை வந்தாள்’ என்பது போன்ற உவமையாகுபெயரே என்பார் ஒருசாரார். உவமைக்கு ஒப்புமை வேண்டும்; துளைக்கருவித் துணுக்குக்கும் பனிக்கும் உள்ள ஒப்புமை, அருகில் நிற்பவர் ‘இது பனி’ என்று சொன்னபின்பே உண்டாகிறது. பெயர் முதலில், ஒப்புமை பிறகு என்பதால் இது தனிவகையே. பெத்லகேமில் பனி ஏது, எல்லாமே பொய்யல்லவா என்பார் மற்றொரு சாரார். அவ்வூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 775 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில குளிர்காலங்களில் பனி விழுந்தும் இருக்கிறது. மெய்யே வேண்டுமென்றால் குடிலில் பாதியைக் காலிசெய்ய வேண்டிவரும். லூக்கா தீவனத் தொட்டியைச் சொல்கிறார், மாட்டையும் கழுதையையும் சொல்லவில்லை. மத்தேயு ஞானிகளைச் சொல்கிறார், மூன்று பேர் என்று எண்ணவில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவந்து நிறுத்திப் பெத்லகேம் என்று காட்டியபோது, அவையும் அந்த ஊர் வைக்கோல், அந்த ஊர் மாடு, அந்த ஊர்க் கழுதை. மூலம் என்று ஒன்று எங்கும் இருந்ததில்லை. கைக்கு எட்டியதை நிறுத்துவதே மூலமரபு. அந்த மரபில் நாகர்கோவில் கேழ்வரகும் சென்னைக் காகிதக் கோப்பையும் கிரேச்சோ வைக்கோலுக்கு ஒரு படியும் குறைந்தவை அல்ல.

கடைசி மறுப்பு வலுவானது: கடையில் எல்லாம் மலிவாகக் கிடைக்கிறது, எதற்கு மைதா கிண்டி மெனக்கெட வேண்டும்? விலையில் இவ்வாதம் பல சமயம் சரி. ஆனால் கடையில் வாங்கிய பனிக்கும் இது பனி என்று பெயர் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதுவும் பிளாஸ்டிக்கே, பனியன்று. வேறுபாடு டிசம்பரில் தெரியாது. ஜனவரியில் திருக்காட்சிப் பெருவிழா கழிந்து குடிலைப் பிரிக்கும் நாளில் தெரியும். ஆகுபெயரின் இலக்கணமே, ஆகிவந்த பெயர் நீங்கினாலும் பொருள் தன் இயற்பெயரில் நிற்பதுதான். பஞ்சு முதலுதவிப் பெட்டிக்குப் போகிறது. வைக்கோலும் கேழ்வரகுப் பச்சையும் ஆட்டுக்குப் போகின்றன. சவுக்கு அடுப்புக்கு, சட்டத்துச் சிம்பு பரணுக்கு. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பனிக்குத் திரும்பிப்போக வேறு பெயர் கிடையாது. அது பிப்ரவரியிலும் பனி, குப்பைமேட்டிலும் பனி. ஆகவே ஆய்வு முடிபு ஒன்றே: வேறு வேலை இருக்கும் பொருளால் அலங்கரியுங்கள். கடலாக இருந்த கண்ணாடியைத் துடைத்து மறுபடி கைகழுவும் தொட்டிக்கு மேல் மாட்டும்போது மட்டும், ஓரத்தில் ஒட்டியிருக்கும் மைதாவை அன்றே வெந்நீரில் நனைத்து எடுத்துவிடவும். காய்ந்தால் அடுத்த டிசம்பர் வரை போகாது.