பெரியப்பாவின் ஐந்து ஊசி

உரும்பிராய்ச் செம்மண்ணுக்குள் எதைப் போட்டாலும் வெளியே வரும். வாழை வரும், வெங்காயம் வரும், புகையிலை வரும். எங்கள் பெரியப்பாவின் அலுமாரிக்குள் போன சாமான் மட்டும் வெளியே வராது. டோர்ச் லைற்றின் கண்ணாடி, மூன்று பாண்ட் ரேடியோவின் முதுகு மூடி, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத திறப்புக் கோர்வை எல்லாம் அங்கே பக்குவமாக இருக்கின்றன. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "தொண்ணூறுகளில இருந்தவனுக்குத்தான் தெரியும்" என்று பதில் வரும்.

அந்தப் பதிலுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் யாரும் வாய் திறக்க முடியாது. யுத்தத்தால் கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட ஊர் இது. கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஏமாற்றி, மீதித் தூரத்துக்கு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. ஒன்றை இன்னொன்றோடு பொருத்துவதில் எங்களுக்குப் பட்டம் தருவதானால் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில், பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகவே ரொரன்ரோவில் இருக்கும் மச்சான் பெரியப்பாவுக்கு ஒரு புதுக் கொம்பியூட்டர் அனுப்பியபோது, எனக்கு முதலில் வந்த யோசனை அதன் வேகத்தைப் பற்றியது அல்ல. அதன் ஓட்டைகளைப் பற்றியது.

பெரியப்பா ஓய்வு பெற்ற தட்டெழுத்தாளர். கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் காட், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவருடைய விரல் வழியாகத்தான் அச்சகத்துக்குப் போகும். அவர் பாவிக்கும் கீபோர்ட் கொழும்பில் வாங்கியது. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் மடியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாராம். உள்ளிருந்து பாண் தூள்தான் கொட்டியதாம்.

அதன் வயரின் நுனியில் இருப்பது பெருவிரல் மொத்தத்தில் ஒரு வட்டப் பிளக், உள்ளே ஐந்து ஊசி. 1981இல் ஐபிஎம் தன் முதல் பி.சி.யோடு கொண்டுவந்த வகை. 1984இல் அதே நிறுவனம் ஏ.ரி. என்ற அடுத்த மொடலை விட்டது. பிளக்கை அப்படியே வைத்துக்கொண்டு, கீபோர்ட் பேசும் பாஷையை மட்டும் மாற்றியது. பழையதைப் புதியதில் செருகினால் கச்சிதமாகப் போய் உட்காரும். ஒரு எழுத்தும் வராது. பொருந்தாவிட்டாலாவது மனிதன் விட்டுவிடுவான். 1987இல் பி.எஸ்/2 வந்து ஊசியை ஆறாக்கி, தலையைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கியது. கீபோர்ட்டுக்கும் மவுஸுக்கும் ஒரே உருவத்தில் இரண்டு ஓட்டை. மாறிச் செருகினால் இரண்டும் ஊமை. கீபோர்ட்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறம் பூசவேண்டும் என்ற ஞானம் தொண்ணூறுகளின் கடைசியில்தான் பிறந்தது. அதற்குள், 1996இல், யூ.எஸ்.பி. வந்துவிட்டது.

ரொரன்ரோப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் வைக்கலாம், அவ்வளவு சின்னது. முன்பு அங்கிருந்து வந்த பெரிய கொம்பியூட்டர்களின் முதுகில் ஒரு சிவப்புச் சுவிச் இருக்கும், 115, 230 என்று. அதைத் தள்ளாமல் எங்கள் சுவரில் செருகிய வீடுகளில் புதுமனை புகுவிழா வெடி கேட்டது. இந்தப் பெட்டிக்கு அந்தக் கண்டம் இல்லை. இரண்டு வோல்ற்றையும் தாங்கும். ஆனால் பிளக் கனடாக்காரத் தட்டைக் கால். எங்கள் சுவரில் பாதி வட்ட ஓட்டை, பாதி சதுர ஓட்டை. சதுரம் ஒன்றுதான் இனி நாட்டுக்கு என்று அரசாங்கம் முடிவெடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பெரியப்பாவின் சுவருக்கு அது இன்னும் அறிவிக்கப்படவில்லை. பெரியம்மா பேசாமல் போய் ஒரு போல்பொயின்ற் பேனாவோடு வந்தார். சதுர ஓட்டையின் மேல்வாயில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து, கீழே இரட்டைக் காலை நுழைக்கும் கலை இலங்கை முழுவதும் தெரிந்தது. தயவுசெய்து செய்யாதீர்கள். நாங்கள் அடப்டர்தான் வாங்கினோம்.

கரண்ட் வந்தது. கீபோர்ட் போகவில்லை.

"புதுசு ஒண்டு வாங்குவம் பெரியப்பா. அடப்டரை விட மலிவு."

"தம்பி, உனக்குப் புதுசு. என்ர விரலுக்கு?"

இதில் நான் பெரியப்பாவின் கட்சி. அவர் அடிப்பது பாமினி என்ற தமிழ் விசை முறை. அதில் ஜே என்ற விசை த, கே என்ற விசை ம. தமிழ் என்று அடிக்க இடக்கை தேவையே இல்லை. வலக்கையால் முடித்துக்கொண்டு இடக்கையால் தேத்தண்ணி குடிக்கலாம். அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. அந்த விசை தேய்ந்து வழுக்கையாகி, விரல் தானாக வழுக்கிப் போய் நிற்கும் பள்ளமாகிவிட்டது. இந்தப் பழக்கத்தின் வேர் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் இருக்கிறது. அந்தப் பொறிக்கு விசைப்பலகை வகுத்த ஆர். முத்தையா சுண்டிக்குளியில் பிறந்தவர். ஆகவே பெரியப்பாவுக்கு இது ஊர்ச் சொத்து, உறுதி எழுதாத குறைதான்.

மறுநாள் அவரே யாழ்ப்பாணம் போய், ஒரு கடையில் இரண்டு குட்டிச் சாமான் வாங்கி வந்தார். ஒன்று ஐந்து ஊசியை ஆறாக்குவது. மற்றது ஆறு ஊசியை யூ.எஸ்.பி. ஆக்குவது, பச்சை நிறம். ஒன்றுக்குள் ஒன்றைச் செருக, பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வால் முளைத்தது. கீபோர்ட் விளக்கு எரியவில்லை.

முதல் துண்டில் குற்றமில்லை. பெரியப்பாவின் கீபோர்ட் ஏ.ரி. வகை. ஏ.ரி.யும் பி.எஸ்/2வும் ஒரே பாஷை. ஊசியின் இடம் மட்டும் வேறு, ஆகவே வெறும் வயர் போதும். பச்சைத் துண்டுதான் பிரச்சினை. அது கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். தலைப்பாகை கட்டிப் பக்கத்தில் இருக்கும், தாலி கட்டாது. அதற்குள்ளும் வயர் மட்டுமே. இரண்டு பாஷையும் தெரிந்து பிறந்த மவுஸ்களோடு பெட்டிக்குள் சும்மா வந்த துண்டு அது. அந்த மவுஸுக்கே உதவும். ஒரு பாஷைக் கீபோர்ட்டுக்கு உள்ளே சிப் இருக்கிற மாற்றி வேண்டும்.

"பாஷையில அப்பிடி என்ன வித்தியாசம்?" என்றார் பெரியப்பா.

"உங்கட கீபோர்ட் நினைச்ச நேரம் கொம்பியூட்டரை மறிச்சுக் கதைக்கும். யூ.எஸ்.பி. கீபோர்ட், கொம்பியூட்டர் கேட்டால்தான் வாய் திறக்கும்."

"கேட்டால்தானோ?" அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. கேட்காத கேள்விக்கு ஊர்ச் சபைகளில் பதில் சொல்லியே வாழ்ந்தவர் அவர்.

சிப் வைத்த மாற்றி ஒன்று, மலிவில், கிடைத்தது. செருகியதும் மூன்று பச்சை விளக்கும் மினுங்கி எழுந்தன. பெரியம்மா திருநீறு பூசினார். அன்றைக்கே ஒரு மரண அறிவித்தல் வந்தது. பெரியப்பாவின் வேகத்துக்கு அந்த மலிவுச் சிப் ஈடுகொடுக்கவில்லை. இடையிடையே ஒரு தட்டை விழுங்கியது. அதிகம் தட்டப்படுவது புள்ளி, ஆகவே அதிகம் விழுங்கப்பட்டதும் புள்ளி. அன்னார் அனனார ஆனார், காலமானார் காலமானார ஆனார்.

"ஓலைச்சுவடியில புள்ளியே வைக்கிறேல்லைத்தானே பெரியப்பா" என்றேன்.

"செத்தவர் தபால் கந்தோரில வேலை செய்தவர். சங்ககாலத்தில இல்லை."

கொழும்பில் இருந்து நல்ல மாற்றி ஒன்றை வரவழைத்ததோடு அந்த வியாதி தீர்ந்தது. இதற்கிடையில் ரொரன்ரோ மச்சானின் மகன் வீடியோவில் கீபோர்ட்டின் சத்தத்தைக் கேட்டுவிட்டான். ஐபிஎம் எண்பதுகளில் செய்த, இரண்டு கிலோவுக்கு மேல் நிறையுள்ள மொடல் எம் கீபோர்ட்டுகளைத் தேடி வாங்குகிற கூட்டம் அங்கே உண்டாம். அதே அமைப்பில் இன்றும் அமெரிக்காவில் செய்து விற்கிறார்களாம். "தாத்தா, உங்கட கீபோர்ட்டை விப்பியளோ?" என்றான். பெரியப்பாவுடையது அந்தச் சாதி இல்லை, பெயர் தெரியாத தைவான் சரக்கு என்று நான் விளக்கினேன். பலனில்லை. கனடாக்காரன் விலை கேட்ட சாமானை யாழ்ப்பாணத்தில் யார் திறந்த வீட்டில் வைப்பார்கள்? இப்போது அது இரவில் அலுமாரிக்குள் படுக்கிறது, வாலோடு.

போன கிழமை அந்த அலுமாரியைத் திறந்தபோது பெரியப்பா கீழ்த்தட்டில் இருந்து இன்னொன்றை இழுத்தார். எப்சன் டொட் மற்றிக்ஸ் பிரிண்டர். ரிப்பன் காய்ந்து கருவாடாகக் கிடந்தது. பின்னால் முப்பத்தாறு தொடுகை உள்ள அகன்ற வாய்.

"தம்பி, உதுக்கும் ஒரு வால் இருக்கோ?"

இருக்கிறது. அதுதான் துயரம். மச்சானுக்கு எழுதிவிட்டேன், அடுத்த பெட்டியில் சொக்லேட்டைக் குறைத்து அந்தக் கேபிளை வை என்று. ரிப்பனுக்கு எங்கே போவது என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"மேல்தட்டில பார். ரண்டு கிடக்கும்."