மாசி துறந்த அண்ணர்

லண்டனில் எந்தத் தமிழ்ச் சங்கத்தை எடுத்தாலும் ஒரு தலைவர் இருப்பார். அவரோடு கோபித்துக்கொண்டு போய் வேறு சங்கம் தொடங்கிய முன்னாள் தலைவர் ஒருவரும் இருப்பார். சில வருடங்களாக மூன்றாவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார்: வீகன் அண்ணர். ஹரோவில் ஒருவர், ஈஸ்ட்ஹாமில் ஒருவர், குரொய்டனில் இரண்டு பேர் என்று பரவிவிட்டார்கள். பெயர்கள் வேறு, தொப்பை ஒன்றுதான். நான் எழுதுவது எல்லோரையும் சேர்த்து என்பதால் யாரும் தன்னைத்தான் என்று நினைத்துக் கோபிக்க வேண்டாம். நினைத்தாலும் கோபிக்க நேரமிருக்காது. குசினியில் ஏதாவது ஊறிக்கொண்டிருக்கும்.

அண்ணர் பிறவிச் சைவர் இல்லை. பிறவிச் சைவருக்கு மீன் ஒரு பொருட்டே அல்ல. அதைப் பற்றி யோசிப்பதுமில்லை, பேசுவதுமில்லை. அண்ணரோ ஒரு காலத்தில் மீன் போட்ட ஒடியல் கூழுக்கு ஆள் சேர்த்தவர். எந்தக் கடைக்கு எந்தக் கிழமை நல்ல அறக்குளா வரும், திருக்கையை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவரிடம்தான் எல்லோரும் கேட்பார்கள். அவர் நண்டுக் கால் உறிஞ்சிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி யன்னலைச் சாத்தியிருக்கிறாள்.

மாற்றம் ஒரு ஜனவரியில் வந்தது. வீகனுவரி என்று 2014இல் இங்கிலாந்தில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்த மாதம் முழுக்க இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடுவதில்லை என்று பெயர் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள்தான் முதலில் பெயர் கொடுத்தாள். துணைக்கு அப்பாவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். அதே கிழமை டொக்டரும் கொலஸ்ட்ரோல் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பெப்ரவரி முதலாம் திகதி காலையில் மகள் சீஸ் தோஸ்ட் சாப்பிட்டாள். அண்ணர் திரும்பி வரவில்லை. எங்கள் ஆட்கள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்கள் என்பதற்குச் சங்கங்களின் எண்ணிக்கையே சாட்சி.

வீகன் ஆனவருக்கு முதலில் கூர்மையாவது கண். இங்கே பொட்டலங்களில் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ எடுத்துக் காட்ட வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து சட்டம். பால், முட்டை, மீன் என்று தனியாகத் தெரியும். ஒவ்வாமைக்காரருக்காக வந்த சட்டத்தை அண்ணரைப் போல் அனுபவித்தவர் இருக்க முடியாது. கடையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "கண்டியோ, கண்டியோ, பால் தூள் போட்டிருக்கிறான்!" என்று கூவுவார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோசம் அவர் முகத்தில் இருக்கும். வூஸ்டர் சோஸில் நெத்தலி வகை மீன் இருப்பதை அவர் கண்டுபிடித்த நாள் எங்கள் எல்லோருக்கும் போன் வந்தது. வினாகிரி, வெல்லப்பாகு, பழப்புளி, வெங்காயம், உள்ளி, அதற்குள் மீன். "பழப்புளி எங்கட சாமான் தம்பி. அதுக்குள்ள மீனை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்." 1837இலிருந்து லீ அண்ட் பெரின்ஸ்காரர்கள் அதை விற்கிறார்கள், ஒளித்து வைத்ததாக அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

பியரை மட்டும் அண்ணர் ஆறுதலாக ஆராய்ந்தார். தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையைச் சில பியர்களில் சேர்ப்பார்கள். கின்னஸிலும் சேர்த்தார்கள். அதை நிறுத்தப்போவதாக 2015இல் அந்த நிறுவனம் அறிவித்த செய்தியை அண்ணர் வெட்டி எடுத்து பேர்சுக்குள் வைத்திருக்கிறார். குடும்பப் படம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

கலியாண வீடுகளுக்கு அவர் போவதே ஒரு காட்சி. முதல் நாளே மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் போன் போட்டு, பருப்புக்கு நெய் விடுவீர்களா என்று விசாரிப்பார். பந்தியில் பாயாசத்துக்குக் கையால் மறிப்பார், மோருக்கு மறிப்பார், கோயிலில் பஞ்சாமிர்தத்துக்கும் மறிப்பார். ஐயர் கொஞ்சம் மிரண்டுதான் போனார். கடைசியில் இலையில் மூன்று உழுந்து வடையும் ஊறுகாயும் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்கு மாட்டின் கதையை ஆரம்பிப்பார். பாலுக்காகக் கன்றைப் பிரிக்கிறார்கள் என்று அவர் சொல்லும்போது கண் கலங்கும். அது நடிப்பில்லை, நான் கண்டிருக்கிறேன். அவர் சொல்வதில் பிழையும் இல்லை. கேட்பவர் இரண்டாவது கிண்ணம் பாயாசத்தில் இருக்கும்போது சொல்வதுதான் பிழை. ஒருநாள் அவருடைய பெரிய ஜெர்மன் காரின் தோல் சீட்டைத் தடவிக்கொண்டே, "இது என்ன அண்ணை?" என்று கேட்டேன். "கார் லீசுக்கு எடுத்தது தம்பி. அது என்ர மாடு இல்லை."

இறைச்சியை அவர் ஒரே நாளில் மறந்தார். முட்டையை மறந்தார். பால்தேத்தண்ணியையும் பல்லைக் கடித்துக்கொண்டு மறந்து பிளேன்ரீக்கு மாறினார். மறக்க முடியாமல் போனது ஒன்று உண்டு: சீனிச் சம்பல். அதாவது, அதற்குள் கிடக்கும் மாசி.

இலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சூரை மீனைத் துண்டாக்கி, உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தால் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். அதுதான் மாசி. மாலைதீவுக்காரர் செய்கிறார்கள், நாங்கள் வாங்குகிறோம். 14ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவுகளில் தங்கியிருந்த இபுன் பதூதா கூட அந்த மீனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதை உரலில் போட்டு இடித்தால் செதில் செதிலாக வரும். ஒரு கிலோ பம்பாய் வெங்காயத்தை மெல்லிதாக அரிந்து, மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் எண்ணெயில் வதக்கி, இடிச்ச செத்தல்மிளகாய், கறுவா, ஏலம், கராம்பு, றம்பை, கறிவேப்பிலை போட்டு, பழப்புளி விட்டு, மாசியைத் தூவி, கடைசியில் சீனி சேர்த்துக் கிளறி இறக்கினால் போத்தலில் கிழமைக்கணக்காய் இருக்கும். பாணுக்கும் ஆகும், இடியப்பத்துக்கும் ஆகும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கரண்டியோடு குளிர்பெட்டியைத் திறப்பவனுக்கும் ஆகும்.

விரத நாளில் எங்கள் வீடுகளில் அதே சம்பலை மாசி போடாமல் செய்வார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகள் மச்சமில்லாமல்தான் நடக்கின்றன. யாரும் அதற்காகக் கூட்டம் போட்டு அறிக்கை விட்டதில்லை. அண்ணரின் மனைவியும் இதைத்தான் சொன்னா. "இஞ்சருங்கோ, மாசியைப் போடாமல் விட்டால் சரிதானே?"

அண்ணர் அவவைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. "அது வீகன் சம்பல் இல்லையப்பா. அது மாசி இல்லாத சம்பல்."

இந்த ஒரு வசனத்தில் முழு மனிதரும் அடக்கம். மீனை விட்டவர் மீனின் ருசியை விடத் தயாரில்லை. விரதகாரிக்கு நாளைக்கு மாசி உண்டு என்ற நம்பிக்கை இருக்கிறது; இவருக்கு நாளையும் இல்லை, மறுநாளும் இல்லை. ஆகவே இன்றைக்கே அதைச் செய்தாக வேண்டும்.

செய்முறை ஆராய்ச்சி தொடங்கியது. உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு எஸ் எடுத்து மட்டுமட்டாகத் தேறியவர் இப்போது ஜப்பானியப் பேராசிரியர்களின் பெயர்களைச் சித்தப்பா, பெரியப்பா முறையில் சொல்கிறார். "இக்கேடா இருக்கிறாரே, 1908இல கடல்பாசியை அவிச்சு குளூட்டமேற்றின்ர ருசியைக் கண்டுபிடிச்சவர். அவரின்ர மாணவன் கொடாமா 1913இல இன்னொண்டு பிடிச்சவர், இனோசினேற்று. எதுக்குள்ளயிருந்து தெரியுமே? கட்சுஓபுஷி! அது என்ன? சூரைக் கருவாடு! எங்கட மாசிக்கு ஒண்டுவிட்ட தம்பி!" பிறகு குனினாகா என்பவர் 1957இல் குவானிலேற்றின் ருசியைக் கண்டார், அது ஷிடாகே காளானில் உண்டு என்றும், குளூட்டமேற்றோடு இனோசினேற்றோ குவானிலேற்றோ சேர்ந்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது என்றும் சொல்லி முடிப்பதற்குள் என் தேத்தண்ணி ஆறிவிடும். ஆனால் விசயம் உண்மை. மாசி தருகிற அந்த அடிநாக்கு ருசியைக் காளானும் பாசியும் சேர்ந்து ஓரளவுக்குத் தரும். அவருடைய பேச்சைத் தாங்க முடிந்தால் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் வேலை ஆரம்பமாகும். காய்ந்த ஷிடாகேயை வெள்ளி இரவே பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார். சுடுதண்ணீர் கூடாதாம், குளிரில் ஊறவிட்டு மெள்ள மெள்ளச் சூடாக்கினால்தான் குவானிலேற்று கூடுமாம். ஊறிய காளானைப் பிழிந்து, நார் நாராகக் கிழித்து, ஓவனில் காயவைப்பார். நோரி என்ற கடல்பாசித் தாளை வாட்டி நொறுக்குவார். கொம்பு என்ற கடல்பாசியை அவிப்பார். மனைவியின் அம்மா, எங்களுக்கெல்லாம் மாமி, ஒரு மூலையில் கதிரை போட்டுக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பா.

"அது என்ன தம்பி சட்டிக்குள்ள?"

"கொம்பு மாமி."

"ஆட்டின்ரையோ, மாட்டின்ரையோ?"

அண்ணர் பதில் சொல்வதில்லை.

அடுத்தது புகை. மாசியில் பாதி ருசி புகையில்தான் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. அதில் எனக்கும் மறுப்பில்லை. பைன் விறகுப் புகையில் உலர்த்திய சீனத் தேயிலையை வாங்கி வந்து, சட்டியில் போட்டுக் கருக்கி, மேலே வலைத்தட்டில் காளான் நாரைப் பரப்பி மூடுவார். மூடி சரியாகப் பொருந்தாது. வீட்டின் மூன்று மாடியிலும் புகை அலாரம் அடிக்கும். மகள் மேலேயிருந்து சீஸ் சான்விச்சோடு இறங்கி வந்து, துவாயால் அலாரத்துக்கு விசிறிவிட்டுத் திரும்பிப் போவாள். அந்தச் சத்தம் கேட்டால் மாமி கந்தசஷ்டி கவசத்தைப் போடச் சொல்லுவா.

உப்புக்கும் கறுப்புக்கும் மாமைட். இதை நான் முதலில் நம்பவில்லை; பிறகு யோசித்தால் இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. பியர் வடித்து மிஞ்சிய ஈஸ்ட்டிலிருந்து 1902இல் பேர்ட்டன் நகரத்தில் செய்யத் தொடங்கினார்கள். குளூட்டமேற்று நிறைந்தது. இலங்கையில் சின்ன வயதில் காய்ச்சலுக்குப் பிறகு பாணில் பூசித் தந்த அதே கறுப்புக் களிதான். 1934-35இல் இலங்கையில் மலேரியா பரவிச் சனம் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் மெலிந்து கிடந்தவர்களுக்கு மாமைட் கொடுத்து உடம்பு தேற்றினார்கள். அண்ணர் இதைச் சொல்லும்போது குரல் உயரும். "தோழர்மார் குடுத்த சாமான் தம்பி!" அண்ணர் எந்தத் தேர்தலிலும் எந்தத் தோழருக்கும் வாக்குப் போட்டவர் இல்லை.

எல்லாம் சேர்ந்து வரும் நேரத்தில் சீனியில் சந்தேகம் வந்துவிட்டது. அமெரிக்காவில் சில ஆலைகள் கரும்புச் சீனியை வெளுக்க மாட்டெலும்புக் கரியைப் பாவிக்கின்றன என்று எங்கோ வாசித்திருந்தார். அடுப்பை நிறுத்திவிட்டு ஹரோ கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த பெடியனிடம், "தம்பி, இந்தச் சீனி எலும்பில்லாததோ?" என்று கேட்டார். பெடியன் பழக்கதோசத்தில், "போன்லெஸ் எல்லாம் பிரீசருக்குள்ள அண்ணை" என்றான். கடைசியில் இங்கிலாந்து பீற்றூட் சீனிப் பக்கெட் ஒன்றோடு வந்து சேர்ந்தார். பீற்றூட் சீனிக்கு எலும்புக் கரி தேவையில்லை. அதற்குள் வெங்காயம் சட்டியிலேயே இருந்து ஒரு சுற்று கூடுதலாகச் சிவந்துவிட்டது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று என்று நினைக்கிறேன்.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: சம்பல் அபாரம். காளான் நார் பல்லில் கடிபட்ட இடத்தில் மாசிச் செதில் கடிபடுவது போலவே இருந்தது. புளி, உறைப்பு, இனிப்பு எல்லாம் போன பிறகு நாக்கின் அடியில் ஒன்று தங்கி நின்றது. பாண் முடிந்தது, இடியப்பம் முடிந்தது, நான் விரலையும் பாவித்தேன். அண்ணர் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "மாசி மாதிரி இருக்கே? இருக்கே?" என்று கேட்டபடியே இருந்தார். ஓம் என்று சொன்னாலும் விடவில்லை. "எந்த மாசி மாதிரி? நல்ல மாசியோ, புழு விழுந்த மாசியோ?"

நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குக் காணாது; நாங்கள் நன்றி மறக்காத கூட்டம், எதைத் தந்தாலும் நல்லாயிருக்கு என்று சொல்லுவோம். அவருக்கு வேண்டியது மாமியின் தீர்ப்பு. காரைநகரில் தன் கையால் மாசி இடித்த மனுசி அவ. அடுத்த கிழமை புதுப் போத்தல் ஒன்றைக் கொண்டுபோய் மாமிக்கு முன்னால் வைத்தார். மாமி மூடியைத் திறந்து மணந்தா. இன்னொருக்கா மணந்தா. மூடியை இறுக்கி மூடி, போத்தலை ஒரு விரலால் மேசையின் மறுகரைக்குத் தள்ளிவிட்டா.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை தம்பி. மச்சத்தை ஏன் இஞ்ச கொண்டந்தனீங்கள்?"

அண்ணர் காளான், பாசி, தேயிலை, இக்கேடா, கொடாமா என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். மாமி நம்பவில்லை. கையைக் கழுவி, வாயையும் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தா. அன்று பின்னேரமே அண்ணர் எங்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார்.