வானவில் பேரணி

கேள்வி: வானவில் பேரணியெல்லாம் பெருநகரத்துச் சமாசாரம்தானே? (கறம்பக்குடி வாசகர்)

பதில்: தன்பாலின ஈர்ப்பாளர்கள் உள்ளிட்டோர் தங்கள் உரிமைக்காக நடத்தும் இந்தப் பேரணி இந்தியாவில் முதன்முதலாகக் கொல்கத்தாவில் 1999 ஜூலை 2 அன்று நடந்தது. வந்தவர்கள் சுமார் 15 பேர். கறம்பக்குடி டவுன் பஸ்ஸில் பாதிகூட நிரம்பாது. சென்னையில் 2009 ஜூனில் தொடங்கியது. 2012 ஜூலையில் மதுரையும் நடந்துகாட்டியது. கறம்பக்குடிக்காரருக்குச் சென்னையைவிட மதுரைதான் பக்கம். அப்போது தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் சம்மத உறவை அதிலிருந்து விடுவித்தது. ஆனாலும் பேரணிக்குச் சிலர் முகமூடியோடு வருவதுண்டு. போலீஸுக்குப் பயந்தல்ல; செய்திப் படத்தைச் சித்தப்பா பார்த்துவிடுவாரே! சித்தப்பாவின் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு கிடையாது.