மீதி நாலு இதழ் எங்கே?

கே: சிவகாசி மண்ணில் பூச்சட்டியைத் தவிர வேறு பூ பூக்குமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: பூக்கும். பற்றவைக்கத்தான் முடியாது.

கே: மழை ஓய்ந்த மறுவாரம் சரளைப் பொட்டலில் ஒரு பூ பார்த்தேன். சாண் உயரச் செடி. ரோஸ் கலரில் ஒரே ஒரு இதழ், நாக்கை நீட்டினாற்போல. மீதியை ஆடு தின்றுவிட்டதா? (வாசகி, திருத்தங்கல்)

ப: ஆடு பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் பார்த்தது ஓரிதழ்தாமரை. இதழ் ஐந்தும் பத்திரமாக இருக்கின்றன. நான்கு மட்டும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவில் குறுகிக் கிடக்கும். ஐந்தாவது எல்லார் பங்கையும் சேர்த்து வளர்ந்துவிடும். தீபாவளிக்கு வீட்டில் ஒருவர் மட்டும் புதுச்சட்டை எடுத்துக்கொண்ட மாதிரி. பூதக்கண்ணாடி இருந்தால் எண்ணிப் பார்க்கலாம்.

பெயரில்தான் தாமரை; உறவெல்லாம் வயலெட் பூவோடு. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதை வயலெட் இனத்திலேயே சேர்த்து, ‘ஒன்பது விதைக்காரி’ என்கிற பொருளில் பெயர் வைத்தார். காய் காய்ந்ததும் மூன்று தோணியாகப் பிளக்கும். தோணியின் விளிம்புகள் உலர உலர நெருங்கி, வழவழப்பான விதைகளைப் பிதுக்கித் தெறிக்க விடும். வயலெட் வீட்டு வழக்கம் அது. எங்கள் பக்கம் லைசென்ஸ் இல்லாமல் வெடித்தும் யாருக்கும் காயம் படாதது இது ஒன்றுதான்.

கே: பட்டாசு ஆலை வளாகத்துக்குள் தேடினால் கிடைக்குமா? (வாசகர், விருதுநகர்)

ப: ஷெட்டைச் சுற்றிக் காய்ந்த புல் பூண்டு இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அதனால் காம்பவுண்டுக்கு வெளியே தேடுங்கள்: மானாவாரி வரப்பு, செம்மண் மேடு, வண்டிப்பாதை ஓரம், நல்ல வெயில் விழும் பொட்டல். 1922இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அது இங்கே வேர்பிடிக்க வறண்ட காற்று தோதாக இருந்தது. அந்தக் காற்று இந்தச் செடிக்கு அதற்கு முன்பிருந்தே பழக்கம். எந்த ஐப்பசி மழை பட்டாசுக்காரர் வயிற்றில் புளியைக் கரைக்கிறதோ, அதே மழைதான் இதைத் தட்டி எழுப்பும்.

கே: ரோட்டோரம் புதர் புதராக, அவரைப்பூச் சாயலில் ரோஸும் ஊதாவும் கலந்து பூத்திருப்பது? (வாசகர், சாத்தூர்)

ப: கொழுஞ்சி. சந்தேகமாக இருந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். நேராகக் கிழியாது, அம்புமுனை மாதிரி, ஆங்கில ‘வி’ வடிவில் அறுந்துவரும். ஆடு சீந்தாது. சம்சாரி விடமாட்டார்; வயலில் மடக்கி உழுதுவிடுவார், தழையுரம்.

கே: ஓரிதழ்தாமரைச் சூரணம் சாப்பிட்டால் ஆண்மை பெருகும் என்கிறார்களே? (பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்)

ப: வடமொழியில் ‘ரத்னபுருஷ்’ என்று பெயர் வைத்தவர்கள் செய்த வேலை! சித்த மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு. ஆகவே சித்த மருத்துவரைக் கேளுங்கள், பஸ் ஸ்டாண்டில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவரை அல்ல. விதை தெறிக்கும் முன்னே வேரோடு பிடுங்கி விற்கிறார்கள். வாங்கியவருக்கு என்ன ஆகுமோ, செடிக்கு வாரிசு இல்லாமல் போவது உறுதி.

கே: எங்கள் வீட்டு வாசலிலும் ரோஸ் கலரில் பூக்கிறது. ஐந்து இதழும் சமமாக இருக்கின்றன. நம்மூர்க் காட்டுப்பூதானே? (வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: நித்தியகல்யாணி. சொந்த ஊர் மடகாஸ்கர். ரத்தப் புற்றுநோய்க்குத் தருகிற வின்கிறிஸ்டின் இதிலிருந்து வந்ததுதான். ரேஷன் கார்டு தாராளமாகக் கொடுக்கலாம். ‘பூர்வீகம்’ என்ற கட்டத்தில் மட்டும் விருதுநகர் மாவட்டம் என்று எழுதிவிடாதீர்கள்.